தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகவும்

இன்டர்நெட்டில் நான் முதன்முதலாக எழுதியது ஒரு திட்டு.

தி. நகரில் ஒரு டிக்கெட் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். ரயில் டிக்கெட், பஸ் டிக்கெட், யாராவது மகன் வீட்டுக்கு அமெரிக்கா போனால் விமான டிக்கெட். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் முதலாளி ஒரு கம்ப்யூட்டரும் மோடமும் வாங்கினார். எதற்கென்று அவருக்கே தெரியாது. எதிர்க் கடைக்காரர் வாங்கிவிட்டார், அது போதும். ஆபீசில் இருந்தது ஒரே டெலிபோன் லைன். மோடம் கீச்சிட்டு, உறுமி, இருமி, ஒரு வழியாக உள்ளே நுழைந்த பிறகு முதலாளியின் மனைவி போன் பண்ணினால் எல்லாம் அறுந்துவிடும். அந்த அம்மாள் ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் பண்ணுவார்.

மத்தியான இடைவேளையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் அந்தக் கம்ப்யூட்டரை நோண்டுவேன். அப்படித்தான் இன்டர்நெட்டில் அந்த அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டது. உலகம் முழுக்க ஊர் சுற்றுகிறவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் இடம். எந்த ஊரில் எங்கே தங்கலாம், எதைச் சாப்பிடலாம், எவன் ஏமாற்றுவான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஒருவர், "டிசம்பரில் சென்னை வருகிறேன், என்ன எடுத்து வரட்டும்?" என்று கேட்டிருந்தார். இந்த ஊரில் மூன்றே நாள் தங்கிவிட்டுப் போன ஒரு மேதாவி பதில் சொல்லியிருந்தார்: "கம்பளி ஸ்வெட்டர் அவசியம். உள்ளூர்க்காரர்களே காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருந்ததை நான் பார்த்தேன்."

எனக்குத் தயிர்சாதம் இறங்கவில்லை. ஒட்டகச்சிவிங்கி மாதிரி கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். "நீ பார்த்தது காலையில் பால் வாங்கப் போகிற ஆண்களை. அவர்கள் மப்ளர் கட்டுவது குளிருக்காக இல்லை. பனி தலையில் இறங்கிவிடும் என்ற பயத்தில். சென்னையில் குளிர் கிடையாது. பருத்திச் சட்டை கொண்டு வரவும். தெரியாத ஊரைப் பற்றிப் பேசாதே." நான் இதை எழுதிய நேரத்தில் முதலாளி மப்ளர் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அது வேறு விஷயம்.

என்னைத் துரத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நேர்மாறாக நடந்தது. அந்தப் பலகையை நிர்வகித்தவர் ஏதோ ஒரு பனி தேசத்தில் ஓய்வு பெற்ற நூலகர் அம்மாள். அவர் எனக்குத் தனியாக எழுதினார். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒருவர் செய்திகளும் புதுத் தகவல்களும் அனுப்புகிறார்கள், அவற்றைத் தொகுத்து மாதா மாதம் வெளியிடுகிறோம், சென்னைக்கு ஆள் இல்லை, நீங்கள் எழுத முடியுமா என்று. உங்கள் நேர்மை எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றும் எழுதியிருந்தார். என் கோபத்தை நேர்மை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. வீட்டில் அதற்கு வேறு பெயர்.

ஒத்துக்கொண்டேன். மாதா மாதம் எழுதினேன். "மயிலாப்பூரில் மாட வீதி ஒன்றில் தோண்டியிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டேன். தோண்டுகிறவருக்கே தெரியவில்லை. கீழே பார்த்து நடக்கவும்." "ஆட்டோவில் மீட்டர் இருக்கும். அதைப் பார்த்து ரசிக்கலாம்." "அடையாறில் ஒரு ஹோட்டலுக்குப் புதிதாகக் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள். நான் மோதினேன். நீங்கள் மோத வேண்டாம்." "வேளச்சேரிப் பக்கம் தங்க இடம் மலிவு. மழை பெய்தால் படகு கேட்டு வாங்கவும்." இப்படி. முகம் தெரியாத ஆட்கள் எங்கிருந்தோ நன்றி எழுதினார்கள். எங்கள் ஆபீசில் வீடு வீடாகப் போய் டிக்கெட் கொடுக்கும் சைதாப்பேட்டைக்காரர் மட்டும் மதிக்கவில்லை. ஐம்பது வயது மனிதர். என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்.

"இன்னாம்மா, சம்பளம் தர்றாங்களா?"

"இல்லை."

"அப்பால இன்னாத்துக்கு தட்டிக்கினே கீறே?"

"தப்பா எழுதறாங்க. திருத்தணும்."

"ஊர்ல தப்பா பேசறவன் எல்லாரையும் திருத்தப் போனா எப்ப சோறு துன்றது?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் நான் கேட்கவில்லை.

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் நானும் அவனும் ஒரே வீட்டில் இருந்தோம். பகலில் தேனாம்பேட்டையில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. மற்ற நேரத்தில் மிருதங்கம். என் குணத்துக்கு நேர் எதிர். பஸ்ஸில் யாராவது அவன் காலை மிதித்தால் அவனே ஸாரி சொல்வான். பதிமூன்று வருஷமாக டிசம்பர் சீசனில் வாசித்தான். பதிமூன்று வருஷமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக் கச்சேரிதான். அதற்கு டிக்கெட் கிடையாது, ஆளும் கிடையாது. பாடுகிற பெண்ணின் அம்மா, அந்தப் பெண்ணின் பாட்டு வாத்தியார், மின்விசிறிக்காக வந்து உட்கார்ந்த ஒருவர், நான். பெரிய பாட்டு முடிந்து தனி ஆவர்த்தனம் தொடங்கும். மிருதங்கம் மட்டும் வாசிக்கிற நேரம், என் தம்பிக்கு அந்த மேடையில் சொந்தமான ஒரே நேரம். அப்போது அந்தப் பெண்ணின் அம்மா காபி வாங்கப் போவாள். வாத்தியார் கையலம்பப் போவார். நானும் மின்விசிறிக்காரரும் மிஞ்சுவோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் தூங்குவேன்.

அந்த வருஷம் டிசம்பர் பாதியில் சபா செயலாளர் அவனைக் கூப்பிட்டனுப்பினார். நாலு மணிக் கச்சேரிக்கு வாசிக்க வேண்டியவர் வெளிநாடு போய்விட்டாராம். நாலு மணி என்றால் டிக்கெட் வாங்கி வருகிற கூட்டம், பேர் உள்ள பாடகர். தம்பி என்னையும் கூட்டிக்கொண்டு போனான். தனியாகப் போனால் அவனுக்குப் பேச்சு வராது.

செயலாளர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "பாருப்பா, ஒரே டெஸ்ட்தான். உன் தனிக்கு ஹால்ல பாதிப் பேராவது எழுந்துக்காம உக்காந்திருந்தா, வருஷா வருஷம் நாலு மணி உனக்கு. எழுந்து போயிட்டான்னா பழையபடி பன்னண்டு மணி, ஆயுசுக்கும். அப்புறம் வந்து மூஞ்சியைத் தொங்கப்போட்டுண்டு நிக்கப்படாது. நான் பின்னாடி நின்னு எண்ணுவேன்."

"எண்ணுங்கோ மாமா" என்றான் தம்பி. வெளியே வந்ததும் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் பயந்ததில் தப்பில்லை. நாலு மணிக் கச்சேரியில் தனி வருவது ஐந்தேகாலுக்கு. ஐந்தேகாலுக்குத்தான் அந்த சபா கேன்டீனில் போண்டா எண்ணெயிலிருந்து வெளியே வரும். மைசூர் போண்டா. தேங்காய்ச் சில்லும் மிளகும் போட்டு, மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு மாதிரி. மிருதங்கத்தில் முதல் அடி விழுந்ததும் ஹால் முழுக்கச் செருப்புத் தேடுகிற சத்தம் கேட்கும். எப்பேர்ப்பட்ட வித்வானும் அந்தப் போண்டாவை ஜெயித்ததில்லை.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் நவம்பர் மாதத் தகவலில் இசை விழா பற்றி எழுதியபோது பாட்டைப் பற்றி இரண்டு வரியும் கேன்டீனைப் பற்றி இரண்டு பக்கமும் எழுதியிருந்தேன். அதில் ஒரு வரி: "மிருதங்கம் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் எழுந்து போகவும். எல்லோரும் போவார்கள். தாமதித்தால் போண்டா தீர்ந்துவிடும்." கூடப் பிறந்தவன் மிருதங்கக்காரன் என்பது எழுதும்போது ஞாபகத்துக்கு வரவில்லை. பசி நேரத்தில் எழுதியது.

கச்சேரிக்கு நாலு நாள் இருந்தபோது மத்தியானம் பலகையைத் திறந்தேன். டிசம்பர் மாதத் தொகுப்பு வந்திருந்தது. நூலகர் அம்மாள் ஒழுங்கான மனுஷி. ஒவ்வொரு ஊரின் மரியாதைகளையும் தனியாகப் பட்டியல் போட்டிருந்தார். சென்னை: கோயில் வாசலில் செருப்பைக் கழற்றவும். வலது கையால் சாப்பிடவும். பெரியவர்கள் முன் கால் நீட்ட வேண்டாம். நாலாவது: "கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கத் தொடங்கும்போது சபையோர் அனைவரும் எழுந்து அமைதியாக வெளியேறுவது வழக்கம். நீங்களும் சேர்ந்துகொள்ளவும்."

போண்டாவை வெட்டிவிட்டார். இடம் போதவில்லை போலிருக்கிறது.

அதற்குக் கீழே என் பெயருக்கு ஒரு கடிதம். வெளிநாட்டில் ஏதோ சின்ன ஊரில் ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து நடத்தும் பாட்டுக் குழு, பதினொரு பேர், இசை விழாவுக்கு வந்திருக்கிறார்கள். தலைவி ஒரு முன்னாள் தலைமை ஆசிரியை. எழுதியிருந்தார்: "வெள்ளிக்கிழமை நாலு மணிக் கச்சேரிக்கு முன் வரிசைகளில் டிக்கெட் வாங்கிவிட்டோம். மிருதங்கம் தொடங்கியதும் பதினொரு பேரும் ஒன்றாக எழுந்து, சத்தமில்லாமல் வெளியேறுவோம். நேற்று விடுதி மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தோம். ஒரே ஒரு சந்தேகம். போகும்போது மிருதங்கக்காரரைப் பார்த்துக் கைகூப்ப வேண்டுமா?"

வெள்ளிக்கிழமை நாலு மணி. சபாவின் பெயரும் எழுதியிருந்தார். அதே சபா. என் தம்பி.

"இன்னாம்மா, யாரோ செத்துப்பூட்ட மாதிரி மூஞ்ச வெச்சுக்கினு கீறே?" என்றார் சைதாப்பேட்டைக்காரர்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பதினோரு பேரும் கும்புட்டுக்கினே போவாங்களா? சாவுக்கு வந்தவங்க மாதிரியா?"

"சிரிச்சா டிக்கெட் பையைத் தூக்கித் தலையில போடுவேன்."

"போடு போடு. தம்பிகிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. அன்று சாயங்காலம் சொன்னேன். எனக்கு விஷயத்தை மென்று விழுங்கிச் சொல்ல வராது. அவன் சட்டையைக் கழற்றும் முன்பே நேராகச் சொல்லிவிட்டேன்.

"பதினோரு பேரா?" என்றான்.

"ஆமாம்."

"முன் வரிசையா?"

"முன்னாடி ரெண்டு வரிசை."

"கைகூப்பிண்டா போவா?"

"அது இன்னும் முடிவாகலை. என்னைத்தான் கேட்டிருக்கா."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "முன் வரிசை எழுந்தா பின்னாடி இருக்கறவா வெயிட் பண்ணுவாளா அக்கா? அவாளுக்குக் கூச்சம்னு கொஞ்சம் இருக்கும். இவாளே போறா, நமக்கென்னன்னு மொத்தமா கிளம்பிடுவா. பாடகரும் கிளம்பிடுவார். நானும் வயலினும்தான் மிஞ்சுவோம்."

"டேய், அழாதே."

"நான் அழலை. எண்ணிண்டிருக்கேன்."

மறுநாள் மத்தியானம் உட்கார்ந்து திருத்தம் எழுதினேன். அவர்கள் எந்த விடுதி என்று எழுதவில்லை. காஞ்சிபுரம், மகாபலிபுரம் எல்லாம் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை நேராக சபாவுக்கு வருகிறார்களாம். வழியில் எங்காவது பிரவுசிங் சென்டரில் பலகையைப் பார்த்தால்தான் உண்டு. பெரிய எழுத்தில் தட்டினேன். "திருத்தம். போன மாதம் நான் எழுதியது பசித்தவர்களுக்கு யோசனை. மரியாதை இல்லை. தனி ஆவர்த்தனத்தில் யாரும் எழுந்து போகக் கூடாது. போகிறவர்கள் கழுதைகள். அதில் உள்ளூர்க் கழுதைகளே அதிகம். பதிமூன்று வருஷம் காத்திருந்த ஒரு மனிதன் மேடையில் உட்கார்ந்திருப்பான். அவனைப் பார்க்காமல் போண்டாவைப் பார்க்கப் போகிறவர்களைக் கதவில் நின்று தடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றும். கைகூப்ப வேண்டாம். உட்கார்ந்தால் போதும்."

அனுப்பு என்று அமுக்கினேன். திரையில் மணல் கடிகாரம் சுற்றியது. டெலிபோன் மணி அடித்தது. திரை செத்துப்போயிற்று. முதலாளியின் மனைவி. சாம்பாருக்கு முருங்கைக்காய் வாங்கி வரச் சொல்ல.

கடிதம் போயிற்றா, போகவில்லையா, தெரியவில்லை. மறுபடி முயன்றேன். லைனே கிடைக்கவில்லை. எங்கள் தெருவிலும் தோண்டிவிட்டார்கள். மறுநாள் பாண்டி பஜார் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே கரண்ட் இல்லை. வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு 12பி பஸ் பிடித்து சபாவுக்குப் போனேன். அது பொய்யும் இல்லை.

முன் இரண்டு வரிசையில் பதினொரு பேரும் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் புதுப் பருத்தி உடுப்பு, மடிப்புக்கூடக் கலையவில்லை. பெண்கள் தலையில் ஆளுக்கு இரண்டு முழம் மல்லிகை. ஒரு தாத்தாவும் காதில் ஒரு கொத்து சொருகியிருந்தார். நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் தலைமை ஆசிரியை. பார்த்த உடனே தெரிந்தது. கையில் நாலாய் மடித்த ஒரு தாள். அது பழைய பட்டியலா, என் திருத்தமா? எனக்கு இருக்கை பதினாறாவது வரிசை. நடுவில் கூட்டம். முன்னால் போய்ப் பேசலாம் என்று எழுந்தேன். திரை விலகிவிட்டது. பின்னால் இருந்த மாமி, "உக்காருங்கோ, மறைக்கறது" என்றாள். எழுந்து நிற்காதே என்று என்னையே சொல்கிறார்கள்.

செயலாளர் பின்பக்கச் சுவரில் சாய்ந்து நின்றார். உதடு அசைந்தது. எண்ணத் தொடங்கிவிட்டார்.

பாடகர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடினார். நன்றாகத்தான் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுமார் ஐந்தேகால். பெரிய பாட்டின் கடைசியில் பாடகர் என் தம்பி பக்கம் கையைக் காட்டினார். கேன்டீன் பக்கத்திலிருந்து எண்ணெய் வாசனை ஹாலுக்குள் நுழைந்தது. தம்பி மிருதங்கத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு முதல் அடி அடித்தான்.

செருப்புத் தேடுகிற சத்தம் எழுந்தது.

தலைமை ஆசிரியை எழுந்தார். கூடவே மூன்று பேர் எழுந்தார்கள். போச்சு என்று கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால் மற்ற ஏழு பேரும் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். எழுந்த நாலு பேர் சத்தமில்லாமல், வரிசையாக, நடுப்பாதை வழியாக என்னைத் தாண்டிப் பின்னால் போனார்கள். அந்த ஹாலுக்கு இரண்டு கதவு. ஒன்றை எப்போதும் பூட்டி வைத்திருப்பார்கள். மற்றது கேன்டீன் பக்கம். அந்தக் கதவில் போய் நின்றார்கள். வெளியே போகவில்லை. எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். நடுவில் காதில் மல்லிகை வைத்த தாத்தா. ஆறேகால் அடி இருப்பார். கையைக் கட்டிக்கொண்டு கதவை அடைத்து நின்று, எல்லோரையும் பார்த்து அன்பாகச் சிரித்தார். தலைமை ஆசிரியை உதட்டில் விரலை வைத்தார்.

அப்போதே பாதிப் பாதை வரை போய்விட்ட மாமிகள் திகைத்து நின்றார்கள்.

"யாருடி இவன்?"

"சபாவுல புதுசா வாட்ச்மேன் போட்டிருக்கா போல இருக்கு."

"வெள்ளைக்காரனையா?"

"செக்ரட்டரிக்கு என்ன, எதை வேணா பண்ணுவார்."

பட்டுப்புடவை மாமி ஒருத்தி நேராகத் தாத்தாவிடம் போனாள். "நகருப்பா, எனக்கு ஷுகர். டயத்துக்குச் சாப்பிடணும்." ஷுகர் என்றது மட்டும் அவருக்குப் புரிந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து மாமி கையில் வைத்து, மேடையைச் சுட்டிக் காட்டினார். மாமி மிட்டாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளே உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கதர்ச் சட்டைக்காரர் ஒருவர் மட்டும் "இது என்ன அராஜகம்" என்றார். தலைமை ஆசிரியை அவரைப் பார்த்தார். அவ்வளவுதான். ஏழாம் வகுப்பில் பிடிபட்ட மாதிரி அவரும் உட்கார்ந்தார்.

செயலாளரே காபிக்குப் போக ஒரு தரம் கதவுப் பக்கம் நகர்ந்தார். தாத்தா சிரித்தார். செயலாளர் சுவருக்குத் திரும்பிவிட்டார்.

மேடையில் என் தம்பி நிமிர்ந்து பார்த்தான். பதிமூன்று வருஷமாக முதுகுகளைப் பார்த்து வாசித்தவன். முந்நூறு முகம் இருந்தது.  பிறகு வாசித்தான். நாலு மணிக் கச்சேரியில் தனிக்குப் பத்து நிமிஷம், மிஞ்சினால் பன்னிரண்டு நிமிஷம். பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. முடிக்கப் போகிறான் என்று எல்லோரும் செருப்பில் கால் நுழைத்தார்கள். அவன் முடிக்கவில்லை. மெதுவாக இன்னொன்றைத் தொடங்கினான். இருபது நிமிஷம். பாடகர் தொண்டையைச் செருமினார். அவன் அவர் பக்கமே திரும்பவில்லை. இருபத்தைந்து. பாடகர் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் முன்னால் வைத்தார். அவன் தலையை ஆட்டி, அருமை என்பது போலச் சிரித்து, வேகத்தைக் கூட்டினான். முன் வரிசை ஏழு பேரும் தாளம் போட்டார்கள். ஏழு பேருக்கும் ஏழு தாளம். எண்ணெய் வாசனை வந்துகொண்டே இருந்தது. எனக்குப் பக்கத்தில் ஒருவர், "அது முதல் ஈடு, இது ரெண்டாவது ஈடு" என்று முனகினார். போண்டாவைச் சொன்னார்.

அன்றைக்கு நான் தூங்கவில்லை. எனக்கு மிருதங்கம் தெரியாது. ஆனால் என் வீட்டில் இருக்கிறவன் இப்படி வாசிப்பான் என்று எனக்குத் தெரியாமல் போனதே என்று எரிச்சலாக இருந்தது.

முப்பத்தெட்டு நிமிஷம். கடைசி முத்தாய்ப்பை மூன்று தடவை வாசித்து முடித்தான். ஹால் அதிர்ந்தது. அப்படி ஒரு கைதட்டலை அந்த சபா கேட்டிருக்காது. பாதி சந்தோஷம், பாதி விடுதலை. தாத்தா கதவை விட்டு நகர்ந்து ஓரமாக நின்று கைகூப்பினார். முந்நூறு பேரும் ஒரே ஓட்டமாக அவரைத் தாண்டிப் போனார்கள். போகிற ஒவ்வொருவரையும் பார்த்து அவர் கும்பிட்டார்.

கேன்டீனில் நடந்ததை விரிவாக எழுதினால் யாராவது கோபித்துக்கொள்வார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டிய கூட்டம் மொத்தமாக வந்து, ஆறிப்போன முந்நூறு போண்டா மேல் விழுந்தது என்று மட்டும் சொல்கிறேன். கேன்டீன் காண்டிராக்டர் ஜல்லிக்கரண்டியும் கையுமாக மேடைக்கே வந்துவிட்டார். அங்கே பாடகர் காலி ஹாலைப் பார்த்து மங்களம் பாடி முடித்திருந்தார். மற்றது எதற்கும் நேரமில்லை.

"என்னோட சின்னப் பாட்டு எல்லாம் போச்சு! அஞ்சு பாட்டு!" என்றார் பாடகர்.

"என் போண்டா போச்சு!" என்றார் காண்டிராக்டர்.

செயலாளர் இருவரையும் கையமர்த்தினார். என் தம்பி எதிரில் வந்து நின்றார். நான் மேடைப் படியில் ஏறி நின்றுகொண்டேன். ஏதாவது ஏறுக்கு மாறாகப் பேசினால் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

"எண்ணினேன்" என்றார்.

தம்பி வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றான்.

"ஒருத்தன் போகலை. நானே போகலை. முப்பது வருஷமா செக்ரட்டரியா இருக்கேன், பார்த்ததில்லை. எப்படின்னு நான் கேக்கப் போறதில்லை. சொன்ன வார்த்தை சொன்னதுதான். நாலு மணி உனக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த மனுஷாள்லாம் உங்களுக்குத் தெரிஞ்சவாளா?"

"தெரியாது" என்றேன். முகம் பார்த்துப் பேசியது இல்லை. பொய் இல்லை.

அதற்குள் தலைமை ஆசிரியை மேடை அருகே வந்தார். என் கையில் அந்தத் தாளைக் கொடுத்து, "இதை எழுதியவரை உங்களுக்குத் தெரியுமா? இந்த ஊர்க்காரராம்" என்றார். பிரித்துப் பார்த்தேன். என் திருத்தம் போய்ச் சேர்ந்திருந்தது. நூலகர் அம்மாள் கறுப்புக் கட்டம் கட்டி இரண்டே வரியாக்கி இருந்தார். "தனி ஆவர்த்தனத்தில் யாரும் எழுந்து போகக் கூடாது. போகிறவர்களைக் கதவில் நின்று தடுப்பது பார்வையாளர்களின் கடமை." கழுதையை வெட்டிவிட்டார்.

"தெரியும். கோபக்காரி" என்றேன்.

"அதனால் என்ன, நல்ல மனசு" என்றார்.

தாளை நாலாய் மடித்து அவரிடமே கொடுத்தேன்.  

வீட்டுக்கு நடந்தே வந்தோம். மிருதங்கப் பையை நான் தூக்கிக்கொண்டேன்.  அவனுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன். தன் வாசிப்புக்காகத்தான் கூட்டம் உட்கார்ந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குள் ஒரே போராட்டம். நான் சொல்லாமல் இருக்கிற ரகம் இல்லை. வாயைத் திறந்தேன்.

"டேய், அந்தக் கதவுல..."

"பார்த்தேன்" என்றான். "மேடையிலேர்ந்து கதவு நன்னாத் தெரியும் அக்கா. பதிமூணு வருஷமா அதைத்தானே பார்த்துண்டிருக்கேன்."

"அப்போ உனக்குத் தெரியுமா?"

"அந்தத் தாத்தா கையைக் கட்டிண்டு நின்னதுமே தெரிஞ்சுடுத்து. யாராலயும் போக முடியாதுன்னு. பன்னண்டு நிமிஷத்துல முடிச்சிருப்பேன். அதுக்கு மேல இருபத்தாறு நிமிஷம் வேணும்னுதான் வாசிச்சேன்."

"வேணும்னா?"

"பதிமூணு வருஷம் என் தனிக்கு போண்டா சாப்பிட்டா. ஒரு நாள் உக்காரட்டுமே."

நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். காலை மிதித்தால் ஸாரி சொல்கிறவன்.

அடுத்த வருஷம் அழைப்பு வந்தது. நாலு மணி. அச்சடித்த தாளின் அடியில் செயலாளர் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: தனி பத்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் திரையை இறக்கிவிடுவோம். எனக்கு ரத்தம் கொதித்தது. அப்போதே போய் நாலு வார்த்தை கேட்கிறேன் என்று செருப்பை மாட்டினேன்.

"சும்மா இரு அக்கா" என்றான் தம்பி. தாளை வாங்கி இரண்டு தரம் படித்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. "என்னை நிறுத்தறதுக்கு ஒருத்தர் திரை ரெடி பண்ணிண்டு உக்காந்திருக்கார். இத்தனை வருஷத்துல யார் கவலைப்பட்டா?"

செருப்பைக் கழற்றிவிட்டேன். அந்த நவம்பர் மாதத் தகவலில் சபாக்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கொசுவைப் பற்றி எழுதினேன்.